மென்டோசாவின் சேதனச் சிவப்பு வைனும் வன்னி முந்திரிகைப் பந்தலும்

கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் முந்திரிகை (திராட்சை)ப் பந்தல் போட நினைக்கிறவர்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: ஆர்ஜென்ரீனாவின் மென்டோசாவும் காய்ந்த மண்தானே, அங்கே இரசாயன மருந்தடிக்காமல், சேதன முறையில் சிவப்பு வைன் செய்கிறார்கள் என்றால் இங்கே ஏன் முடியாது? வன்னி கோடையில் காய்கிறது, மாரியில் ஊறுகிறது. மென்டோசாவில் ஆண்டு முழுவதும் சேர்த்தே 200 மில்லிமீற்றரளவுதான் மழை. நமக்கு ஆயிரத்துக்கு மேல். அதில் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கிறது. இலை நனைந்தே கிடக்கிற அந்த வாரங்கள்தான் சேதனப் பயிர்ச்செய்கையின் எதிரி.

அங்கே அந்தீஸ் மலைப் பனி உருகி வாய்க்கால் வழியாகத் தோட்டத்துக்கு வருகிறது. ஊக்கோ பள்ளத்தாக்கில் தோட்டங்கள் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 முதல் 1,500 மீற்றர் உயரத்தில் இருக்கின்றன. பகலில் வெயில் பழத்தில் சீனியை ஏற்றும், இரவுக் குளிர் புளிப்பைக் காப்பாற்றும். அவர்களுக்கும் தலையிடி உண்டு: ஆலங்கட்டி மழைக்கு வலை கட்டவேண்டும், சொண்டா என்ற வெப்பக்காற்றைத் தாங்கவேண்டும். 2010இல் அங்கே கண்டறியப்பட்ட ஐரோப்பியக் குலைப்புழுவை, பெண் பூச்சியின் வாசனையைத் தோட்டமெங்கும் பரப்பி, ஆண் பூச்சிகளைத் திசைதிருப்பிக் கட்டுப்படுத்துகிறார்கள். ஆனால் பங்கசு நோய்க்கு அவர்கள் செலவிடுகிற நேரம் நம்முடையதோடு ஒப்பிடக்கூடியதல்ல.

கொடியின் உறக்கம் இன்னொரு வேறுபாடு. அங்கே குளிர்காலத்தில் இலை கொட்டிக் கொடி தானாகத் தூங்கும். வன்னியில் தூங்காது, கத்திரிதான் குளிர்காலம். எங்கள் கணக்கில் சித்திரை மழை ஓய்ந்தபின் மே மாதத்தில் வெட்டினால், இஸ்ரேல் புளூ என்ற முந்திரிகை இனம் ஏறத்தாழ நான்கு மாதத்தில், மாரிக்கு முன் பழுக்கும். வெட்டுக்கு முன் பத்துப் பதினைந்து நாள் தண்ணீரை நிறுத்தவேண்டும். இலை மஞ்சளாகி, தண்டு கபில நிறமானதும் ஐந்து முதல் ஏழு மொட்டு விட்டு வெட்டி, எஞ்சிய இலைகளை உருவிவிட்டு, மாட்டெரு போட்டு நீர் பாய்ச்சவேண்டும். பச்சைத் தண்டில் வெட்டினால் கொழுந்து மட்டும் வரும், குலை வராது. மொட்டை ஒரே சீராக வெடிக்கவைக்க இந்தியத் தோட்டங்களில் பூசுகிற ஐதரசன் சயனமைட்டு சேதன முறையில் ஆகாது. ஆகவே மொட்டு முன்பின்னாக வெடிக்கும், பறிப்பும் இரண்டு மூன்று தடவை நீளும். அறுவடை முடிந்ததும் ஒரு மொட்டு, இரண்டு மொட்டாகக் குறுக்கி வெட்டி, மாரி முழுவதும் கொடியை இலையோடு விட்டுவிடுவதுதான் புத்தி. நத்தார்ச் சந்தை விலையை நினைத்து மாரியில் குலை எடுக்கிறவருக்கு வெடித்த பழமும் அழுகலும்தான் மிஞ்சும்.

அப்படியிருந்தும் இலையின் அடியில் வெள்ளைப் பஞ்சுபோல அடிச்சாம்பல் நோய் வரும். அதற்குப் போடோக் கலவை. நூறு லீற்றருக்கு மயில் துத்தம் (செப்புச் சல்பேற்று) ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ. இரண்டையும் பிளாஸ்ரிக் வாளிகளில் ஐம்பது ஐம்பது லீற்றரில் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்கவேண்டும். மாற்றி ஊற்றினால் திரள் பெரிதாகி முனைக்குழாய் அடைக்கும். மினுக்கிய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் தோய்த்துப் பார்க்க, அதில் செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை; அப்படியே அடித்தால் இலை கருகும். கலந்த அன்றே அடித்து முடிக்கவேண்டும்.

சேதனம் என்று சொல்லிக்கொண்டு எவ்வளவும் அடிக்கலாம் என்று நினைப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். மயில் துத்தத்தில் செம்பு கால் பங்கு. ஹெக்டேயருக்கு ஆயிரம் லீற்றர் அடித்தால் ஒரே தடவையில் இரண்டரைக் கிலோ செம்பு மண்ணுக்குப் போகிறது. ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பது ஏழு ஆண்டுக்கு 28 கிலோ, அதாவது சராசரியாக ஆண்டுக்கு நான்கு. இரண்டாவது தடவையிலேயே சராசரியைத் தாண்டிவிடுகிறோம். செம்பு மண்ணைவிட்டுப் போகாது, மண்புழுவுக்கும் ஆகாது. அரை வீதக் கலவை (நூறு லீற்றருக்கு அரைக் கிலோ துத்தம்), காற்றோட்டத்துக்குக் கொழுந்து கிள்ளுதல், நோயிலை பொறுக்கி எரித்தல் இவை மூன்றும் சேர்ந்தால்தான் எல்லைக்குள் நிற்கலாம். இலைமேல் மாவு பூசினாற்போல வருகிற சாம்பல் நோய்க்குக் கந்தகம் போதும், ஆனால் 32 பாகைக்கு மேல் வெயில் ஏறினால் அதுவே இலையைச் சுடும். வன்னியில் அதற்கு மாலைதான் நேரம்.

இனிப் பிழிதல். மதுவரித் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் இலங்கையில் வைன் வடிப்பது, வீட்டுக்கென்றாலும், குற்றம். கீழே வருவது அனுமதியுள்ள இடத்தில் கூலிக்கோ பங்குக்கோ வேலை செய்பவர்களுக்கு. பழத்தை விடியுமுன் பறித்து நிழலில் வைக்கவேண்டும். நொதிக்கிற குழம்பு தானாகவும் சூடேறும். 35 பாகையைத் தாண்டினால் நொதியம் செத்து, சீனி பாதியில் நிற்கும். உறைந்த தண்ணீர்ப் போத்தல்களைக் கழுவி உள்ளே இறக்குவது எளிய வழி. பாத்திரத்தை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பக்கூடாது. மிதக்கிற தோலை ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை அமுக்கிவிடாவிட்டால், பழ ஈ வந்து புளிக்காடி ஆக்கிவிடும்.

வெப்ப நாட்டுப் பழத்தில் புளிப்புக் குறைந்து பீ.எச். (புளிப்புக் குறையக் கூடுகிற அளவு) ஏறும். அங்கேதான் வைன் கெடாமல் காக்கச் சேர்க்கிற கந்தகவீரொட்சைட்டின் சிக்கல். பீ.எச். 3.4இல் லீற்றருக்கு 32 மில்லிகிராம் கட்டற்ற கந்தகவீரொட்சைட்டு செய்கிற காவலை 3.8இல் செய்ய ஏறத்தாழ 80 வேண்டும். சேதன உலர் சிவப்பு வைனுக்கு ஐரோப்பிய எல்லை மொத்தமாகவே நூறு மில்லிகிராம். அமெரிக்காவில் ‘சேதன வைன்’ என்று எழுதினால் சேர்க்கவே கூடாது. எனவே புளிப்பை முதலிலேயே தாத்தாரிக்கமிலத்தால் சரிசெய்யவேண்டும்: லீற்றருக்கு ஒரு கிராம் ஏறத்தாழ 0.1 இறக்கும்.

மென்டோசாவில் பல இன முந்திரிகை வைன்களைக் கலப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1853இல் பிரெஞ்சு வேளாண் அறிஞர் மிசேல் எமே புஜே மூலம் அங்கே வேரூன்றிய மால்பெக் கருநிறமும் மென்மையும் தரும், பொனார்டா பழச்சாறும் விளைச்சலும் தரும், கபெர்னே சோவினியோன் துவர்ப்பு தரும். இஸ்ரேல் புளூவில் நிறம் கிடைக்கும், எலும்பு, அதாவது வைனைத் தாங்கும் துவர்ப்பு, கிடைக்காது. 16 பிறிக்ஸில் (சாற்றின் சீனி அளவு) பறித்தால் மதுசாரம் ஒன்பது வீதம்தான். தனியே மட்டமாக இருக்கிற வைனைக் கலந்து மறைக்கலாம் என்பது வீண் நம்பிக்கை. புளிக்காடி வாசம் பத்துக்கு ஒரு பங்கிலும் தெரியும்.

கலக்கும்போது நூறு மில்லிலீற்றர் அளவுக்குழாயில் பத்துப் பத்தாக மாற்றி நான்கைந்து மாதிரி செய்து, எழுதி ஒட்டி மூடிவைத்து, மறுநாளும் சுவைத்துப் பார்க்கவேண்டும். மலிக்கமிலம் முழுவதும் இலற்றிக்கமிலமாக மாறி முடியாத தொட்டியைச் சேர்க்கக்கூடாது, சேர்த்தால் போத்தலுக்குள் மறுபடி நொதித்து மூடி தள்ளும். தேர்ந்த விகிதத்தில் பெருந்தொட்டியில் கலந்தபின் மூன்று நான்கு வாரம் வைத்து, கலங்கல் படிகிறதா என்று பார்த்த பிறகே போத்தலில் அடைப்பது.