ஜப்பானிலிருந்து ஒரு பழைய ஆம்ப்ளிபயர்: கஸ்டம்ஸில் கட்டிய கணக்கு

2018 கடைசியில் ஜப்பான் ஏலத் தளம் ஒன்றிலிருந்து பழைய சான்சூய் ஆம்ப்ளிபயர் ஒன்றை வேலூருக்கு வரவழைத்தேன். அன்று முதல் சத்துவாச்சாரியில் பாட்டுப் பைத்தியம் பிடித்த யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "கஸ்டம்ஸ் எவ்வளவு ஆச்சு?" தொகையை மட்டும் சொன்னால் கேட்பவர் பயந்துபோய் ஆசையை விட்டுவிடுகிறார், இல்லையென்றால் குறுக்கு வழி தேடுகிறார். அதனால் அந்தத் தொகை எப்படி வந்தது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எனக்கு இதில் வழிகாட்டியவர் மேல்விஷாரத்துக்காரர், ஒரு தோல் கம்பெனியில் ஏற்றுமதித் தாள்களைப் பார்த்துக்கொள்பவர். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் கஸ்டம்ஸ் என்றால் யாரும் மிரள்வதில்லை. தினமும் கன்டெய்னர் அனுப்புகிற ஊர்கள். ஏலத்தில் கை வைப்பதற்கு முன்பே அந்தப் பாயிடம் கேட்டேன். அவர் முதலில் கேட்டது விலையை அல்ல, எடையை.

"பாருங்க, வரி பொருளோட விலைக்கு மட்டும் இல்ல. விலை, கப்பல் கூலியோ விமானக் கூலியோ, இன்ஷூரன்ஸ், மூணும் சேர்ந்த தொகைக்குத்தான். கனமான பொருள்னா கூலிக்கும் சேர்த்து வரி கட்டுவீங்க."

பெட்டியோடு எடை 15 கிலோ. இரண்டு வழி இருந்தது. தனியார் கூரியர் சீக்கிரம் வரும், ஆனால் எடையோடு பெட்டியின் அளவையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, அதற்கும் உண்மையான எடைக்கும் எது கூடுதலோ அதற்குக் கூலி. 60, 55, 35 அளவுள்ள பெட்டி என்றால் 23 கிலோ ஆகிவிடும். போதாததற்கு, வரியை நமக்காக முன்கூட்டிக் கட்டியதற்கு ஒரு கட்டணமும் போடுவார்கள். ஜப்பான் தபால் துறையின் விரைவுத் தபாலான இஎம்எஸ் உண்மையான எடைக்கே கூலி வாங்குகிறது, 30 கிலோ வரை ஏற்கிறது. நான் இஎம்எஸ்தான் எடுத்தேன்.

வெளிநாட்டிலிருந்து வரும் யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொல்லலாமே என்றார்கள். பயணிக்கு அன்றைக்கு 50,000 ரூபாய் வரை வரியில்லை, அதற்கு மேல் 38.5 சதவீதம் என்பது உண்மைதான். ஆனால் 15 கிலோ இரும்புப் பெட்டியைத் தன் லக்கேஜில் தூக்கிக்கொண்டு வருகிற அளவுக்கு எனக்கு ஆப்தமான சொந்தம் யாரும் இல்லை.

"கிஃப்ட்" என்று எழுதச் சொல்லு, விலையைக் குறைத்துப் போடச் சொல்லு என்பது அடுத்த யோசனை. ஏறக்குறைய எல்லோருமே இதைத்தான் சொன்னார்கள். பாய் கையை ஆட்டி மறுத்துவிட்டார். "கிஃப்ட்டுக்கு அஞ்சாயிரம் வரைக்கும்தான் சலுகை. உங்க சாமான் அதுக்குள்ள அடங்காது. அதோட, 30,000 சாமானை 5,000-ன்னு போட்டு அது வழியில உடைஞ்சா, இழப்பீடும் அந்த அஞ்சாயிரத்துக்குத்தான் கேக்க முடியும்." அந்த கிஃப்ட் சலுகையும் 2019 டிசம்பரில் போய்விட்டது. ராக்கி, உயிர்காக்கும் மருந்து போன்றவற்றுக்குத்தான் மிச்சம் வைத்தார்கள்.

இன்னொன்றையும் அவர் எச்சரித்தார், இதைப் பலர் கவனிப்பதில்லை. பழைய பொருள் என்பதே தனிச் சிக்கல். தொழிற்சாலை இயந்திரம் போன்ற மூலதனப் பொருள்களைத் தவிர மற்ற பழைய பொருள்கள் நம் வெளிநாட்டு வணிகக் கொள்கையில் கட்டுப்படுத்தப்பட்டவை. அதிகாரி நினைத்தால் பறிமுதல் என்று எழுதி, சுங்கச் சட்டத்தின் 125-ஆம் பிரிவுப்படி அபராதம் கட்டி மீட்டுக்கொள்ளச் சொல்லலாம். சொந்த உபயோகத்துக்கு ஒன்றே ஒன்று என்றால் பெரும்பாலும் அந்த அளவுக்குப் போக மாட்டார்கள் என்பது அவர் அனுபவம். உத்தரவாதம் எதுவும் இல்லை. அந்த ரிஸ்க்கைத் தெரிந்துகொண்டுதான் வாங்கினேன். பெட்டியில் ஒட்டும் சிஎன் 23 படிவத்தில் "பழைய ஆடியோ ஆம்ப்ளிபயர், ஒன்று, சொந்த உபயோகம்" என்று உள்ளதை உள்ளபடி போடச் சொன்னேன். இறக்குமதியாளர் எண், அதாவது ஐஇசி, இந்த மாதிரி சொந்த உபயோகத்துக்குத் தேவையில்லை. ஆதார் நகல் போதும்.

பார்சல் சென்னை வந்து நின்றுவிட்டது. இணையத்தில் "கஸ்டம்ஸ் வசம்" என்ற வரி மாறவே இல்லை. அப்புறம் வெளிநாட்டு அஞ்சலகத்திலிருந்து கடிதம். பில், பணம் கட்டியதற்கு ஆதாரம், அடையாளச் சான்று வேண்டும். அறிவித்த மதிப்பு குறைவாகத் தெரிகிறது, விளக்கம் தரவும். இதே சான்சூய் வேறு தளங்களில் இரண்டு மடங்கு விலைக்கு ஓடுவது அவர்கள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். நியாயமான சந்தேகம்தான். சந்தேகம் வந்தால் கூடுதல் தாள் கேட்க மதிப்பீட்டு விதிகளில் அவர்களுக்கு இடம் இருக்கிறது.

இங்கேதான் காரியம் நிற்கும், அல்லது நகரும். நான் வாங்கியது "ஜங்க்" பிரிவில். ஜப்பானில் சோதித்துப் பார்க்காத பொருள், சின்னக் கோளாறு உள்ள பொருள் எல்லாவற்றையும் விற்பவர்கள் அதில் போட்டுவிடுகிறார்கள். என்னுடையதில் வால்யூம் திருகினால் கரகரவென்று சத்தம் வரும், இடது சேனல் சில நேரம் போய்விடும் என்று விற்றவரே எழுதியிருந்தார். ஏலம் முடிந்த அன்றே அந்தப் பக்கத்தைப் படங்களோடு பிடிஎஃப் ஆக எடுத்து வைத்திருந்தேன். ஏலப் பக்கங்கள் கொஞ்ச நாளில் மறைந்துவிடும், பிறகு எதைக் காட்டுவது? அதன் ஆங்கில வடிவம், ஏலத்தில் எனக்காக வாங்கித் தந்த இடைத்தரகர் தளத்தின் பில், அட்டையில் பணம் போன வங்கிப் பட்டியல், மூன்றும் ஒரே தொகையைச் சொல்லும்படி அடிக்கோடிட்டு அனுப்பினேன்.

கூடவே பாய் இரண்டு வரி எழுதித் தந்தார். ஒன்று, இடைத்தரகர் எனக்காக வாங்கித் தந்ததற்கு எடுத்த கமிஷன் வாங்குபவர் தரப்புக் கமிஷன், அதைப் பொருளின் மதிப்பில் சேர்க்கக் கூடாது. இரண்டு, விமானத்தில் வந்தால் கூலி எவ்வளவு ஆகியிருந்தாலும் பொருள் விலையில் 20 சதவீதத்துக்கு மேல் மதிப்பில் சேர்க்க முடியாது. இரண்டுமே 2007-ஆம் ஆண்டு மதிப்பீட்டு விதிகளில் 10-ஆம் விதியில் இருக்கின்றன. எனக்கு இஎம்எஸ் கூலி மட்டும் ஏறக்குறைய 10,000 ரூபாய், ஆகவே இந்த இரண்டாவது வரியில் நல்ல காசு இருந்தது.

விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். அபராதம் போடவில்லை. கணக்கை முழு எண்ணாக்கிச் சொல்கிறேன். பொருள் விலை 30,000. யென்னை ரூபாயாக்க கூகுள் விகிதம் செல்லாது, சுங்க வாரியம் மாதம் இரண்டு முறை அறிவிக்கிற விகிதம்தான். கூலி 20 சதவீதம், 6,000. இன்ஷூரன்ஸ் தொகை தெரியாவிட்டால் 1.125 சதவீதம், 337.50. ஆக மதிப்பு 36,337.50. அதற்கு அடிப்படைச் சுங்க வரி 10 சதவீதம். அந்த வரித் தொகைக்கு மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி. மதிப்பையும் இந்த இரண்டு வரிகளையும் கூட்டி, அதற்கு 28 சதவீதம் ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி. வரிக்கும் வரி! சுற்றி வந்து நிற்பது 42.08 சதவீதம், 15,291 ரூபாய்.

கூலி முழுவதையும் சேர்த்திருந்தால் இன்னும் ஏறக்குறைய 1,680 ரூபாய் போயிருக்கும். இந்த விகிதங்களை இன்று அப்படியே போடாதீர்கள். நடுவில் மாறிவிட்டன. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டியின் 28 சதவீதப் படி பெரும்பாலான பொருள்களுக்கு நீக்கப்பட்டது. சொந்த உபயோகப் பொருளுக்கு நடுவில் ஏறியிருந்த அடிப்படை வரியை 20-லிருந்து மறுபடி 10 ஆகக் குறைப்பதாக 2026 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். கணக்குப் போடும் முறை மட்டும் அதேதான்.

பணத்தைச் சென்னைக்குப் போய்க் கட்ட வேண்டியதில்லை. தபால்காரர் போன் செய்தார். "சார், உங்களுக்கு வந்த பெட்டிய என்னால தூக்கிட்டு வர முடியாது. பணத்த எடுத்துட்டு ஆபீசுக்கே வந்துருங்க." போய்க் கட்டி, ரசீதை வாங்கிக்கொண்டு, ஆட்டோவில் ஏற்றி வந்தேன்.

ஏல விலையோடு கூலி, வரி, கமிஷன் எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதோடும் முடியவில்லை. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம் 230-இல் நேராகச் சொருகினால் அன்றைக்கே புகைந்துவிடும். 100 வோல்ட்டுக்கு இறக்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்றை இங்கேயே சொல்லிச் சுற்றவைத்தேன். வால்யூம் கரகரப்பு கான்டாக்ட் கிளீனர் அடித்ததும் போய்விட்டது. இடது சேனலுக்கு ரிலே மாற்ற வேண்டியிருந்தது.

இப்போது ஆரணியில் இருக்கும் மாமா பையனுக்கு அமெரிக்காவிலிருந்து இசைத்தட்டு போடும் பழைய பெல்ட் டர்ன்டேபிள் வரவழைக்க ஆசை வந்திருக்கிறது. எடை எவ்வளவு என்றுதான் நானும் முதலில் கேட்டேன். அடுத்து, மோட்டார் எந்த வகை என்று. நேராக மின்சாரத்தில் ஓடும் ஏசி மோட்டார் என்றால் அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. நிமிஷத்துக்கு 33⅓ சுற்ற வேண்டிய தட்டு 28-கூடச் சுற்றாது. விற்பவரிடம் பின்பக்க லேபிளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறான்.