திரையில் வரும் மருந்து ஓடரைக் கொடுக்குமுன் பார்க்கிற விதம்

ஓடர் கொப்பியில் வராமல் திரையில் வரத் தொடங்கிய பிறகு, கையெழுத்துப் புரியாத தொல்லை தீர்ந்தது. புதுத் தொல்லை வேறு. எச்சரிக்கை எதுவும் எழும்பவில்லையென்றால் ஓடர் சரிதான் என்று கை தானாகவே அடுத்த ஆளுக்குப் போய்விடுகிறது. கணினி தனக்குள் ஏற்றியதை வைத்துத்தான் எச்சரிக்கும். பார்மசிக் கவுண்டரில் எங்கள் வேலையில் பாதி, அதற்குள் ஏறாமல் விட்டது எது என்று தேடுவதுதான்.

முதலில் பார்ப்பது மருந்தையல்ல, ஆளை. மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் ஒரே கிளினிக் நாளில் ஒரே பெயரில் மூன்று பேர் வருவது சாதாரணம். முகம்மது என்பதை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவார்கள். தமிழ்ப் பெயரில் தகப்பன் பெயர் ஒரு பதிவில் முன்னுக்கும் இன்னொன்றில் பின்னுக்கும் நிற்கும். ஆகவே அடையாள அட்டை இலக்கத்தால் தேடுகிறோம். அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது: பழைய ஒன்பது இலக்க அட்டையில் ஒரு பதிவு, புதிய பன்னிரண்டு இலக்க அட்டையில் இன்னொரு பதிவு என்று ஒரே ஆளுக்கு இரண்டு கிடக்கும். பழைய இலக்கத்துக்கு முன்னால் 19 போட்டு, பழைய இலக்கத்தின் முதல் ஐந்துக்குப் பின் ஒரு 0 சேர்த்து, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் புதியது வரும். இரண்டாலும் தேடுங்கள். பிறந்த நாளைக் காட்டும் மூன்று இலக்கத்தில் பெண்களுக்கு 500 கூட்டியிருக்கும். திரையில் ஆண் என்று இருந்து அந்த இடத்தில் 634 நின்றால் வேறு ஆளின் பதிவைத் திறந்திருக்கிறீர்கள். இரண்டு பதிவு கண்டால் இரண்டையும் வாசித்த பிறகுதான் மருந்து. ஒவ்வாமை ஒன்றிலும் இரத்தப் பரிசோதனை மற்றதிலும் கிடப்பது வழக்கம்.

அடுத்தது சிறுநீரகம். இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். கிரியேற்றினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, இரத்தத்தில் அளப்பது. அந்த எண்ணைப் பார்க்குமுன் அதன் திகதியைப் பாருங்கள். எட்டு மாதத்துக்கு முந்திய முடிவும் நேற்றைய முடிவும் திரையில் ஒரே கறுப்பு எழுத்தில்தான் நிற்கும். பிறகு எடை. எடை 60 என்று ஏறியிருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். அளக்காமல் போடுகிற எண் அது.

ஒரு கணக்கு. வயது 72, பெண், எடை 48 கிலோ, கிரியேற்றினின் 150 மைக்ரோமோல். சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைத் திரை 32 என்று காட்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் எனொக்சபரின் ஊசி 50 மி.கி. நாளுக்கு இரண்டு தடவை என்று வோட்டிலிருந்து ஓடர். 30க்குக் கீழே போனால்தான் எச்சரிக்கை எழும்ப வைத்திருப்பதால் திரை பேசாமல் இருக்கும். கையால் போட்டுப் பாருங்கள்: 140இலிருந்து வயதைக் கழித்தால் 68. அதை எடை 48ஆலும், பெண்ணென்பதால் 1.04ஆலும் பெருக்கி, 150ஆல் பிரித்தால் கிளியரன்ஸ், அதாவது சிறுநீரகம் கிரியேற்றினினை வெளியேற்றும் வேகம், 23 அளவில் வரும். ஆணுக்கு 1.23. திரை காட்டும் 32 சராசரி உடலளவுக்குக் கணித்தது. மெலிந்த வயதானவர்களில் அது உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். 23 என்றால் இந்த ஊசி கிலோவுக்கு 1 மி.கி. வீதம் நாளுக்கு ஒரு தடவைதான். இரண்டு தடவை போனால் இரத்தக்கசிவு. மாறாக, நீரிழிவுக் குளிசையான மெட்ஃபோர்மினுக்குத் திரையின் எண்ணையே எடுக்கலாம்: 30க்குக் கீழே நிறுத்த வேண்டும், 30க்கும் 45க்கும் இடையில் நாளுக்கு 1000 மி.கி. மேல் வேண்டாம்.

பிறகு மருந்துப் பட்டியல். நிறுத்திய மருந்தை யாரும் 'நிறுத்தியது' என்று அழுத்துவதில்லை. அது ஓடிக்கொண்டிருப்பதாகவே நிற்கும். மறுபக்கம், வெளியே வாங்குவது எதுவும் பட்டியலில் இல்லை. “வேற மருந்து குடிக்கிறீங்களாம்மா?” என்றால் “இல்ல மனே” என்பார்கள். “கால் உளைவுக்கு, மூட்டு நோவுக்குப் பிரைவேட்ல ஏதும் தந்தவங்களா?” என்று கேட்டால்தான் பையிலிருந்து என்வலப் வெளியே வரும். அதில் டைக்ளோஃபெனாக் என்ற நோவுக் குளிசை இருக்கும். கிளினிக்கில் பிரஷருக்கு எனலாப்ரிலும் சிறுநீர் போக ஃபுரோசமைட்டும் ஓடுகிற ஆளுக்கு இந்த மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் படுக்கும். திரை இதைச் சொல்லாது. கண்டதை மருந்துப் பட்டியலிலேயே ஏற்றுங்கள், குறிப்பில் அல்ல. குறிப்பில் எழுதியதைக் கணினி மருந்தாக எண்ணாது.

ஒவ்வாமைக்கும் இதே கதிதான். 'பென்சிலின் அலர்ஜி' என்று குறிப்பில் தட்டியிருந்தால் பென்சிலின் வகையான ஒக்மென்டின் ஓடருக்கு எச்சரிக்கை வராது. அதற்கான கட்டத்தில் பட்டியலிலிருந்து தெரிவு செய்ய வேண்டும். என்ன நடந்தது என்றும் எழுதுங்கள்: உடம்பு தடித்து மூச்சு இழுத்ததா, வயிற்றால் போனதா? இரண்டாவது ஒவ்வாமை அல்ல.

எச்சரிக்கை மிதமிஞ்சி வருவதும் கேடுதான். தைரொக்சினுடன் இரும்புக் குளிசை என்று ஒரு பெட்டி எழும்பும்; நாலு மணித்தியாலம் இடைவெளி விட்டால் தீர்ந்தது. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினுடன் கிருமிக்கு எதிரான மெற்றோனிடசோல் என்றும் அதே நிறத்தில், அதே அளவில் ஒரு பெட்டி எழும்பும், அது ஐ.என்.ஆர். (இரத்தம் உறையப் பிந்துவதைக் காட்டும் எண்) ஏறி இரத்தம் போகிற விஷயம். காரணம் கேட்கும் கட்டத்தில் வெறும் புள்ளி ஒன்றைக் குத்திவிட்டு இரண்டையும் தாண்டியிருப்பார்கள். தாண்டிய எச்சரிக்கைகளை மட்டும் தனியாக எடுத்து வாசிப்பது பிரயோசனமான வேலை. கொட்ரைமொக்சசோல், ஃபுளுகொனசோல் இரண்டையும் வார்ஃபரினுடன் அப்படியே பிடியுங்கள்.

பெயர்த் தெரிவில் வரும் பிழைக்கு எச்சரிக்கையே கிடையாது. முதல் நாலு எழுத்தைத் தட்டினால் கார்பிமசோலும் கார்பமசெபினும் அடுத்தடுத்து நிற்கும். ஒன்று தைரொயிட்டுக்கு 5 மி.கி., மற்றது வலிப்புக்கு 200 மி.கி. நோய் என்னவென்று பதிவில் பார்த்துவிட்டுத்தான் தட்டிலிருந்து எடுப்பது. மூட்டுவாதத்துக்கு வாரத்தில் ஒரு நாள் மட்டும் குடிக்கும் மெத்தோட்ரெக்சேட்டில் எண்ணிக்கையே காட்டிக்கொடுக்கும். வாரத்துக்கு 10 மி.கி. என்றால் 2.5 மி.கி. குளிசை நாலு, நாலு வாரத்துக்குப் பதினாறு. திரையில் 112 என்று நின்றால் யாரோ 'தினமும்' என்பதை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். கிழமையின் பெயரைப் பெற்று, அதை உறையில் தமிழில் எழுதாமல் கொடுக்க வேண்டாம்.

வைத்தியரைக் கூப்பிடும்போது “ஓடர் பிழை” என்று தொடங்கினால் வேலை நடக்காது. “கிளியரன்ஸ் 23 வருகிறது, எனொக்சபரினை நாளுக்கு ஒரு தடவை ஆக்கலாமா டொக்டர்?” என்று எண்ணையும் மாற்றையும் சேர்த்துச் சொன்னால் அரை நிமிடத்தில் முடியும். கிளினிக் ஆளைத் திரும்ப அனுப்புவது கடைசி வழி. வாவிக்கு மேற்கே படுவான்கரைக்குப் போகிற பஸ்ஸை விட்டால் அவர்கள் பின்னேரம் வரை நிற்க வேண்டும். அதற்குப் பயந்து மருந்தே வாங்காமல் போகிறவர்களும் உண்டு.

நோன்பு காலத்தில் 'காலை' என்று வரும் கிளிக்லசைட்டை, சீனியைக் குறைக்கும் நீரிழிவுக் குளிசையை, தனியாகப் பாருங்கள். ஒரு வேளைக்காரர்களுக்கு அதை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றக் கேட்கலாம். இரு வேளைக்காரர்களுக்கு ஸஹர் (விடியுமுன் சாப்பாட்டு) நேர அளவைக் குறைக்க வேண்டும். மாற்றுவது வைத்தியர், திரையில் மாறாமல் உறையில் மட்டும் மாற்றினால் அடுத்த மாதம் குழப்பம்.

கரண்ட் போனால் கடதாசி. கரண்ட் திரும்ப வந்ததும் யாராவது கடதாசி ஓடரைக் கணினியில் ஏற்றுவார்கள். அது புது ஓடராக வந்து நிற்கும், அதே மருந்தை இரண்டாம் தடவையும் கட்டிக் கொடுத்துவிடுவோம். கடதாசியில் கொடுத்த உடனே நேரத்தையும் எண்ணிக்கையையும் எழுதிக் குறுக்கே கோடிழுங்கள். ஏற்றும்போது 'வழங்கியாயிற்று' என்றே ஏற்றச் சொல்லுங்கள்.