கேட்டாயிற்று, பதில் எங்கே?

குழந்தைகளிடம் கருத்துக் கேட்கும் கூட்டங்களில் குறிப்பெடுத்து அறிக்கை எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. பள்ளி, நூலகம், விளையாட்டுத் திடல் என்று எதைக் கட்டினாலும் ‘குழந்தைகளையும் கேட்டோம்’ என்று சொல்லிக்கொள்ள இப்போது எல்லோருக்கும் ஆசை. நல்ல ஆசைதான். கேட்டு முடித்த பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் எனக்குத் தகராறு.

ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள். ‘உங்கள் பள்ளி எப்படி இருக்க வேண்டும்?’ என்று சுவரில் பெரிய தாள் ஒட்டி, கலர் கலராக ஸ்கெட்ச் பேனா கொடுத்திருந்தார்கள். வானவில் வந்தது, நீச்சல் குளம் வந்தது, யானை வந்தது. எதை வரைந்தால் பெரியவர்கள் சிரிப்பார்கள் என்று பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். கூட்டம் கலைகிற நேரத்தில் ஒரு பெண் தாளின் மூலையில் பென்சிலால் சின்னதாக ஒரு கதவு வரைந்தாள். “கழிப்பறையில தாழ்ப்பாள் விழாது அக்கா. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய கதவைப் பிடிச்சுக்கணும். பிடிக்க ஆள் இல்லைன்னா போக மாட்டோம்” என்றாள். பக்கத்திலிருந்தவள், “அதுக்குத்தான் தண்ணியே குடிக்கிறதில்ல” என்றாள். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

நான் அப்படியே எழுதிக் கொடுத்தேன். அச்சாகி வந்த அறிக்கையில், ‘வண்ணமயமான கற்றல் சூழலையும் மேம்பட்ட சுகாதார வசதிகளையும் குழந்தைகள் விரும்புகிறார்கள்’ என்று இருந்தது. தாழ்ப்பாளைக் காணோம். மேம்பட்ட சுகாதார வசதி என்றால் திட்டம் போட வேண்டும், நிதி ஒதுக்க வேண்டும், ஆண்டுக்கணக்கில் தள்ளிப் போடலாம். தாழ்ப்பாளுக்கு நாலு திருகாணி போதும். யானை மட்டும் பத்திரமாக அட்டைப்படத்துக்கு வந்துவிட்டது.

ஐ.நா. பொதுச்சபை 1989 நவம்பர் 20 அன்று ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு இதைப் பற்றியதுதான். தனக்கென ஒரு கருத்தை உருவாக்கிக்கொள்ள முடிந்த குழந்தை, தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் அதைத் தாராளமாகச் சொல்லலாம்; வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு உரிய மதிப்புத் தர வேண்டும். இந்த ‘வயதுக்கும் முதிர்ச்சிக்கும்’ என்பதைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். “சின்னப் பசங்களுக்கு என்ன தெரியும்?” என்பதைச் சட்ட மொழியில் சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது அவர்களுக்கு. ஆனால் அந்த நிபந்தனை, சொன்ன கருத்துக்கு எவ்வளவு எடை என்பதற்குத்தான். வாயைத் திறக்கலாமா என்பதற்கு அல்ல. உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 2009இல் வெளியிட்ட 12ஆவது பொதுக் கருத்துரையில் இதைத் தெளிவாக்கிவிட்டது: சட்டத்தில் வயது வரம்பு வைக்காதீர்கள், குழந்தை முதலில் தன் திறனை நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை, பேச்சு வராத குழந்தையின் விளையாட்டும் முகபாவமும் ஓவியமும் கருத்துதான். அதே ஆவணத்தில், குழந்தை சொன்னது எப்படி எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதை அந்தக் குழந்தைக்குத் திரும்பச் சொல்ல வேண்டும் என்றும் இருக்கிறது. நடைமுறையில் முதலில் உதிர்வது இந்த வரிதான்.

குழந்தைகளின் பங்கேற்பு எவ்வளவு உண்மையானது என்று படிப்படியாகக் காட்டும் ராஜர் ஹார்ட்டின் ஏணி எங்கள் வட்டாரத்தில் ரொம்பப் பிரபலம். பெரியவர்களின் குடிமைப் பங்கேற்புக்காக ஷெரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் போட்ட ஏணியைத் தழுவி, ஹார்ட் 1992இல் குழந்தைகளுக்காக எட்டுப் படிகள் வைத்தார். கீழ்மூன்று படிகள், அதாவது குழந்தைகளைப் பயன்படுத்திக்கொள்வது, அலங்காரமாக நிறுத்துவது, பேருக்குச் சேர்ப்பது, பங்கேற்பே அல்ல. விழாவில் ஒரே மாதிரி டி-ஷர்ட் போட்டு, எதற்கென்றே தெரியாமல் ஆடவைக்கிறோமே, அது இரண்டாம் படி. பயிற்சி வகுப்புகளில் எல்லோரும், குழந்தைகளே தொடங்கிப் பெரியவர்களோடு சேர்ந்து முடிவெடுக்கும் எட்டாம் படியைப் பிடிக்கத் துடிப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். எப்போதும் உச்சிக்கு ஏறியே ஆக வேண்டும் என்று ஹார்ட் சொல்லவில்லை. கதவு வரைந்த பெண் பள்ளியைத் தானே நடத்த ஆசைப்படவில்லையே.

எனக்கு உபயோகமாக இருப்பது குழந்தை உரிமை ஆய்வாளர் லாரா லண்டி 2007இல் சொன்ன கணக்கு. பேச ஓர் இடம், பேச உதவி, கேட்கப் பொறுப்பான ஒருவர், சொன்னதால் ஏதாவது நகர்வது. இந்த நான்கும் வேண்டும். அந்தக் கூட்டத்தில் முதல் இரண்டும் தாராளமாக இருந்தன. தாழ்ப்பாளைப் பொருத்தச் சொல்லக்கூடிய ஆள் மட்டும் அறையிலேயே இல்லை.

குழந்தைப் பருவ ஆய்வுத் துறையில் ஆலன் பிரௌட்டும் அலிசன் ஜேம்ஸும் 1990இலிருந்தே வலியுறுத்தியது, குழந்தைகள் இப்போதே சமூகத்தை உருவாக்குகிறவர்கள் என்பது. நாமோ மேடையேறினால் ‘நாளைய தலைவர்களே’ என்றுதான் ஆரம்பிக்கிறோம்.

இதையெல்லாம் புதிய மோகம் என்பவர்களிடம் யானுஷ் கோர்சாக்கைப் பற்றிச் சொல்வேன். போலந்தின் வார்சாவில் அநாதை இல்லம் நடத்திய குழந்தை மருத்துவர். அங்கே குழந்தைகளே நீதிபதிகளாக உட்கார்ந்த ஒரு நீதிமன்றம் இருந்தது. அதில் கோர்சாக்கே பிரதிவாதியாக நின்றிருக்கிறார். 1926இல் பிள்ளைகளே எழுதும் ஒரு பத்திரிகையையும் தொடங்கிவைத்தார். 1942இல் நாஜிகள் இல்லத்துப் பிள்ளைகளை த்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுபோனபோது அவரும் கூடவே போனார். அந்த முடிவுதான் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தன்மேல் வழக்குப் போடும் உரிமையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

சரி, நான் என்ன செய்கிறேன்? இப்போதெல்லாம் வேலையை ஒப்புக்கொள்ளும்போதே ஒரு நிபந்தனை வைக்கிறேன்: அறிக்கையோடு பிள்ளைகளுக்கு ஒரு பக்கப் பதில் போக வேண்டும். அவர்கள் சொன்னது அவர்கள் சொன்னபடியே இடது பக்கம், செய்வோம், செய்ய மாட்டோம், யோசிக்கிறோம் என்பதில் ஒன்று வலது பக்கம், கீழே காரணம். ‘முடியாது’ என்று சொன்னால் பிள்ளைகள் மனசு வாடிவிடும் என்று சிலர் தயங்குகிறார்கள். நான் பார்த்தவரை பதிலே வராததுதான் அவர்களை வாடவைக்கிறது. காரணத்தோடு வரும் ‘முடியாது’வை அவர்கள் பேரம் பேசத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். விளையாட்டுத் திடலை மாலையில் திறந்துவைக்க முடியாது, காவலுக்கு ஆள் இல்லை என்று ஓரிடத்தில் பதில் கொடுத்தோம். “காவலர் இருக்கிற நாள்ல திறக்கலாம்ல?” என்றான் ஒரு பையன். அங்கிருந்த அதிகாரி காவலர்களின் பணி அட்டவணையை எடுத்து வரச் சொன்னார்.