வெயில் வந்துவிட்டது

எல்லோரும் வெயிலைத் திட்டத் தொடங்கிவிட்டார்கள். நான் கொஞ்சம் தள்ளிப்போடுகிறேன். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. கோடையின் தொடக்கம் எனக்குப் பிடிக்கும், அதுவும் வீட்டுக்குள் இருந்தால்.

மதியம் எதையும் விரிக்காமல் வெறுந்தரையில் படுப்பதற்கு ஈடே கிடையாது. உண்மையில் தரையும் மரக்கட்டிலும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. டைல்ஸ் நம் உடம்புச் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்வதால் குளிர்ச்சியாகத் தெரிகிறது. காரணம் தெரிந்த பிறகும் சுகம் குறையவில்லை. முதுகுக்குக் கீழே சூடானதும் அரை அடி நகர்ந்தால் புதிய குளிர்ச்சி. இப்படியே உருண்டு உருண்டு அறையின் மறுமுனைக்குப் போய்விடுகிறேன்.

மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை ஆவியாக்கித்தான் நம்மைக் குளிர்விக்கிறது. ஆகவே குளித்துவிட்டு, தலையைச் சரியாகத் துவட்டாமல், அதன் கீழே உட்கார வேண்டும். (வீட்டில் திட்டு விழும். பரவாயில்லை.)

துவைத்த துணி மொடமொடவென்று சீக்கிரமே காய்ந்துவிடுவதையும் சொல்ல வேண்டும். கனத்த போர்வைகளை எல்லாம் இந்த வாரமே துவைத்துவிடப் போகிறேன். வெயில் உச்சத்துக்கு வந்தபின் மாடிப்படி ஏற யாருக்கு மனம் வரும்?

உங்கள் வீட்டில் குளிர்ந்த மூலை எது, அதற்கு யார் முதலில் துண்டு போடுகிறார்கள்?