ஸ்கோப்பைக் கழட்டி வச்ச பிறகு

ஐம்பத்தஞ்சு வயசு தாண்டினதுக்கப்புறம் நான் மான் வேட்டைக்கு எடுத்துட்டுப் போறது ரெண்டே துப்பாக்கிதான். ஒண்ணு பழைய வின்செஸ்டர் 94, விசைக்குக் கீழ இருக்கற லீவரை எறக்கி ஏத்தித் தோட்டா மாத்தற லீவர் ஆக்‌ஷன். இன்னொண்ணு சிக்கிமுக்கிக் கல்லு உரசி தீப்பொறி பறந்து சுடுற ஃப்ளின்ட்லாக். அதுக்கு முன்னாடி பல வருஷமா வச்சிருந்த, கைப்பிடியைப் பின்னாடி இழுத்துத் தள்ளித் தோட்டா மாத்தற போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள், பெரிய ஸ்கோப்பு (தூரத்துல இருக்கறதைப் பெருசாக் காட்டற கண்ணாடிக் குழாய்), தூரம் அளக்கற ரேஞ்ச்ஃபைண்டர் எல்லாம் இப்ப என் பையன்கிட்ட இருக்கு, அவன் நல்லாவே சுடுறான். எல்லாரும் புதுசுக்குப் போறப்ப நீ மட்டும் ஏன் பழசுக்குப் போறேன்னு கேக்குறாங்க, தமிழ் நண்பர்கள்னா மொதல்ல வேட்டையே எதுக்குப்பான்னு கேட்டுட்டு அப்புறமாதான் துப்பாக்கிக்கு வருவாங்க, அதனால ரெண்டுக்கும் சேத்தே எழுதிடறேன்.

வேட்டை எதுக்குங்கறதைச் சுருக்கமா சொல்லிடறேன். நான் இருக்கறது அமெரிக்கால பென்சில்வேனியா மாநிலத்து நடுப்பகுதி, மலையும் ஓக் காடும். நம்மூர்ல 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கப்புறம் வேட்டைன்னாலே குத்தம், அது அங்க சரியான சட்டம்தான். இங்க கதை வேற. 1800-கள் முடியறப்ப இந்த மாநிலத்துல மான் கிட்டத்தட்ட அழிஞ்சு போச்சு, அதுக்காகவே 1895-ல வேட்டை விலங்குகளைப் பாத்துக்க கேம் கமிஷன்னு ஒண்ணு ஆரம்பிச்சு, 1906-லேர்ந்து மிச்சிகன் மாதிரி வெளி மாநிலங்கள்லேர்ந்து மானைக் கொண்டுவந்து விட்டாங்க. இன்னைக்கு வருஷத்துக்கு நாலு லட்சத்துக்கும் மேல மான் லைசென்ஸோட வேட்டையாடப்படுது, அப்படியும் தொகை குறையல, ஏன்னா ஓநாயும் மலைச்சிங்கமும் இங்கேர்ந்து போயி நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. மான் கூடிப்போன இடத்துல ஓக் கன்னு ஒண்ணுகூட மொளைச்சு மேல வராது, எல்லாத்தையும் மேய்ஞ்சிடும், காட்டுல பெரிய மரம் இருக்கும், அடியில பெரணியைத் தவிர எதுவும் இருக்காது. நான் சுட்ட மானை நாங்க சாப்பிடறோம், கறில கொழுப்பு ரொம்பக் கம்மி, வீட்ல நல்லெண்ணெய் தாராளமா விட்டு மிளகு சுக்கா பண்ணுவாங்க. இதுக்கு மேல வேட்டைக்கு நியாயம் சொல்ல எனக்கு ஒண்ணுமில்ல.

இப்ப துப்பாக்கி விஷயம்.

போன இருபது வருஷத்துக்குள்ள வேட்டைத் துப்பாக்கி போற வழியே மாறிப்போச்சு. 2007-ல 6.5 க்ரீட்மோர் தோட்டா வந்துச்சு, அது குறிபாத்துச் சுடுற போட்டிக்காகச் செஞ்சது, ரொம்ப நல்ல தோட்டா, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அது கூடவே போட்டிக்காரங்க பழக்கமெல்லாம் காட்டுக்குள்ள வந்துருச்சு, டயலைத் திருப்புற ஸ்கோப்பு, கனமான குழல், கீழ தாங்கறதுக்கு ரெண்டு காலு, எவ்ளோ தூரம்னு கணக்குப் போட்டுச் சொல்ற மெஷின், நானூறு கெஜம் ஐநூறு கெஜத்துலேர்ந்து மானைச் சுட்டதைப் பெருமையா சொல்றது. அவ்ளோ தூரத்துக்கு குண்டு போய்ச்சேர அரை செகண்டுக்குக் கிட்டயோ மேலயோ ஆகும். அந்த நேரம் போதும், மான் ஒரு அடி எடுத்து வச்சா நெஞ்சுக்குக் குறி வச்சது வயித்துல போகும், வயித்துல பட்ட மான் மணிக்கணக்கா துடிச்சு எங்கயோ போயி சாகும். காகிதத்துல வட்டம் போட்டுச் சுடறதுக்கும் உசுருள்ள ஒண்ணைச் சுடறதுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் இந்த அரை செகண்டுதான்னு நான் நெனைக்கிறேன்.

நானும் அந்த சாமானெல்லாம் வச்சிருந்தேன், தூரமாவும் சுட்டிருக்கேன், மானும் விழுந்திருக்கு. ஆனா வயசாக ஆக ஒண்ணு புரிஞ்சுச்சு, எனக்குப் பிடிச்சது சுடறது இல்ல, கிட்டப் போறது. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்து, காஞ்ச சருகுல காலை எப்படி வைக்கறதுன்னு யோசிச்சு, பத்தடி நடந்து அஞ்சு நிமிஷம் நின்னு, அதோட காது திரும்பறது தெரியற அளவுக்குக் கிட்டப் போறது. ஸ்கோப்பு இருந்தா இது எதுவும் தேவையே இல்ல, தேவையில்லைன்னா யாரும் செய்ய மாட்டோம், நானும் செய்யல. ஓப்பன் சைட், அதாவது கண்ணாடி இல்லாம குறி பாக்கற இரும்பு மட்டும் வச்ச துப்பாக்கி கைல இருந்தா வேற வழியே கெடையாது, நூறு கெஜத்துக்குள்ள போயே ஆகணும், இல்லேன்னா அன்னைக்கு மானைப் பாத்துட்டு வீட்டுக்கு வரணும். அப்படி வந்த நாளும் நல்ல நாள்தான்.

வின்செஸ்டர் 94 பத்தி ஆரம்பிச்சா நான் நிறுத்த மாட்டேன்னு வீட்ல எல்லாருக்கும் தெரியும். ஜான் மோசஸ் ப்ரௌனிங் வடிவமைச்சது, 1894-ல வந்துச்சு, மொதல்ல கருமருந்து (பழைய காலத்து வெடிமருந்து) வச்ச தோட்டாவுக்குத்தான், மறு வருஷம் 1895-ல புகையில்லா மருந்து வச்ச .30-30 தோட்டா வந்துச்சு. மானைக் காப்பாத்த கமிஷன் ஆரம்பிச்ச அதே வருஷம் பாருங்க, அன்னைலேர்ந்து இந்த மாநிலத்து மானும் இந்தத் தோட்டாவும் சேந்தே வளந்திருக்கு. எழுபது லட்சத்துக்கு மேல செஞ்சிருக்காங்க. எடை மூணு கிலோதான், குழல் இருபது இஞ்ச், லீவருக்கு மேல இருக்கற இரும்புப் பகுதி ரெண்டு பக்கமும் தட்டையா இருக்கும், அதுலதான் எடை சமநிலையா நிக்கும், அங்க ஒத்தக் கையால பிடிச்சுத் தொங்கவிட்டு நாள் பூரா மலை ஏறலாம். ஸ்கோப்பு மாட்டின துப்பாக்கியை அப்படிப் பிடிக்கவே முடியாது, ஸ்கோப்பு இருக்கறதே அந்த எடத்துலதான். என் பழைய ரைஃபிள் எல்லாம் மாட்டினா நாலரை கிலோ வரும், முப்பத்தஞ்சு வயசுல அது தெரியல, இப்ப ஒன்றரை கிலோ வித்தியாசம் சாயங்காலம் தோள்பட்டைல நல்லாவே தெரியுது.

இன்னொரு விஷயம், 1982-க்கு முன்னாடி செஞ்ச 94-ல காலித் தோட்டா நேரா மேல தெறிக்கும், அதனால மேல ஸ்கோப்பு வைக்கவே எடம் கெடையாது. குண்டோட மூக்கும் பெரும்பாலும் தட்டையாத்தான் இருக்கும், ஏன்னா தோட்டாவெல்லாம் குழலுக்கு அடியில ஒரு டியூப்ல ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரிசையா படுத்திருக்கும், கெட்டியான கூர்மூக்கு வச்சா அது முன்னாடி தோட்டாவோட அடியில இருக்கற ப்ரைமரை (தட்டினா தீப்பிடிக்கற பாகம்) குத்திக்கிட்டு நிக்கும், ஒரு அதிர்ச்சில டியூப்புக்குள்ளயே வெடிச்சாலும் வெடிச்சிரும். தட்டை மூக்குக்கு காத்துல வேகம் சீக்கிரம் குறையும், அதான் நூத்தம்பது கெஜத்துக்கு மேல இந்தத் தோட்டாவை நான் நம்ப மாட்டேன். இதைக் குறைன்னு சொல்றவங்க இருக்காங்க. இந்தக் காட்டுல நூறு கெஜத்துக்கு மேல பார்வை போற எடமே கொஞ்சம்தான், அதனால எனக்கு அது சரியான அளவு.

கண்ணு பத்தி கண்டிப்பா சொல்லணும், ஏன்னா வயசானா ஸ்கோப்புக்குத்தான் போகணும், ஓப்பன் சைட் எளவட்டங்களுக்குன்னு எல்லாரும் சொல்லுவாங்க, பாதி உண்மை. நாப்பத்தஞ்சுக்கு மேல கண்ணு லென்ஸ் இறுகிடும், கிட்ட இருக்கறது மங்கலாத் தெரியும், குழல் நடுவுல இருக்கற பின் சைட்டு, நுனில இருக்கற முன் சைட்டு, தூரத்துல மான், மூணையும் ஒரே நேரத்துல தெளிவாப் பாக்கவே முடியாது. இதுக்கு நூத்தம்பது வருஷம் முன்னாடியே வழி கண்டுபிடிச்சுட்டாங்க, பீப் சைட். லைமன் கம்பெனி 1870-கள் கடைசிலயே இதைச் செஞ்சு வித்துச்சு. பின் சைட்டை எடுத்துட்டு, கண்ணுக்குக் கிட்டக்க ஒரு சின்ன வளையம், அவ்ளோதான். அந்த வளையத்தைப் பாக்கவே கூடாது, அது வழியா பாக்கணும், மனுசக் கண்ணு தானாவே ஓட்டையோட நடுவைத் தேடிப்போயிடும். அதுக்கும் மேல சின்ன ஓட்டை வழியா பாக்கறப்ப மங்கலும் கொறையுது, கண் டாக்டர் ஊசித்துளை அட்டையை வச்சுப் படிக்கச் சொல்வார்ல, அதே தத்துவம். முன் சைட்டுல சின்னதா ஒரு வெள்ளை மணி. இது மாட்டினப்புறம் எண்பது கெஜத்துல ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள்ள எல்லாக் குண்டும் விழுது, அதுக்கு மேல எனக்கு வேண்டாம். காலைல வெளிச்சம் பத்தாதப்ப வளையத்துக்குள்ள இருக்கற ஓட்டை போட்ட குட்டித் தகட்டைக் கழட்டிட்டா ஓட்டை பெருசாயிடும். இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தப் போஸ்ட்டை எழுதலாம்னு தோணுச்சு, கண்ணு போச்சுன்னு நல்ல பழைய துப்பாக்கியை வித்துட்டவங்களை நிறையப் பாத்துட்டேன்.

ஒரு எச்சரிக்கையும் இருக்கு. பழைய 94-ல தனியா சேஃப்டி பட்டன் கெடையாது, குதிரையை, அதாவது பின்னாடி இருக்கற சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்தறதுதான் சேஃப்டி. முழுசா இழுத்துட்டு மான் போயிடுச்சுன்னா, கட்டைவிரல்ல குதிரையைப் பிடிச்சுக்கிட்டே விசையை அழுத்தி மெதுவா எறக்கணும், டிசம்பர் குளிர்ல வெரைச்ச வெரலோட இதைச் செய்யறது லேசு இல்ல. துப்பாக்கி முனை யாரும் இல்லாத பக்கம் தரையைப் பாத்திருக்கணும், கையுறையைக் கழட்டிட்டுத்தான் செய்யணும், தோட்டா இல்லாம வீட்ல நூறு தடவை பழகணும். இது பயமா இருக்குன்னா வேற துப்பாக்கி வச்சுக்கறதுதான் புத்திசாலித்தனம்.

ஃப்ளின்ட்லாக் வேற உலகம். பென்சில்வேனியால 1974-லேர்ந்து இதுக்குன்னே தனி சீசன் இருக்கு, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆரம்பிச்சு ஜனவரில முடியும், ஸ்கோப்பு கூடாது, கேப் (தட்டினா தீப்பிடிக்கற சின்ன மூடி) வச்சுச் சுடற பின்னால வந்த மாடலுமே கூடாது, கல்லுதான். ஏன்னா இந்தத் துப்பாக்கி பொறந்த ஊரே இதுதான். 1700-கள்ல ஜெர்மனி, சுவிட்சர்லாந்து பக்கத்துலேர்ந்து வந்த துப்பாக்கிக் கொல்லர்கள் லாங்கஸ்டர் சுத்துவட்டாரத்துல உக்காந்து, அவங்க சொந்த ஊர்ல செஞ்ச குட்டைத் துப்பாக்கியை நீட்டி, குழல் விட்டத்தைக் குறைச்சு, ஈயமும் மருந்தும் மிச்சமாகற மாதிரி செஞ்சாங்க, கட்டைக்கு வரி வரியா ஓடற மேப்பிள் மரம். எங்கிட்ட இருக்கறது புதுசா செஞ்ச நகல்தான், ஆனா வேலை செய்யற விதம் அதேதான். குழல்ல மருந்தைக் கொட்டி, எண்ணெய் தடவின துணித்துண்டுல ஈய உருண்டையைச் சுத்தி, நீளக் குச்சியால மருந்துல போயி முட்ற வரைக்கும் தள்ளணும், பக்கத்துல இருக்கற சின்னக் கிண்ணத்துல பொடி மருந்து ஒரு சிட்டிகை. விசையை அழுத்தினா கல்லு இரும்புத் தகட்டுல உரசி, பொறி கிண்ணத்துல விழுந்து, அந்தத் தீ ஒரு துளை வழியா உள்ள போயித்தான் வெடிக்கும். முகத்துக்குப் பக்கத்துல தீ எரியறப்பவும் கண்ணை மூடாம, குறி அசையாம நிக்கணும், இதுக்குத்தான் பழக்கம் வேணும். சுட்டதும் முன்னாடி வெள்ளைப் புகைமூட்டம், குனிஞ்சு அடில பாத்தாத்தான் மான் எந்தப் பக்கம் போச்சுன்னு தெரியும். பனி ஈரம் கிண்ணத்துல பட்டா எரியாது. கிண்ணம் மட்டும் எரிஞ்சு துப்பாக்கி வெடிக்கலேன்னா முனையை அப்படியே பத்திரமான பக்கம் பிடிச்சுக்கிட்டு ஒரு நிமிஷமாவது காத்திருக்கணும், அவசரப்பட்டுத் திருப்பவே கூடாது. வீட்டுக்கு வந்ததும் அன்னைக்கு ராத்திரியே சுடுதண்ணி ஊத்திக் கழுவணும், கருமருந்துச் சாம்பல் காத்துல இருக்கற ஈரத்தை இழுத்து ரெண்டே நாள்ல குழலைத் துருப்பிடிக்க வச்சிரும்.

கருமருந்து வாசம் எனக்குப் புதுசு இல்ல. சின்ன வயசுல ஊர்ல நரிக்குறவர்கள் நாட்டுத்துப்பாக்கியோட ஏரிக்கரைப் பக்கம் வருவாங்க, குழல்ல மருந்து கெட்டிச்சு ரவை போடறதைக் கொஞ்ச தூரத்துல நின்னு வாயைப் பொளந்து பாத்திருக்கேன், அவங்க கொக்குக்கும் கௌதாரிக்கும் எவ்ளோ பொறுமையா பதுங்கிப் போவாங்கன்னு இப்பதான் எனக்கு முழுசா புரியுது. ஒரு தடவை கெட்டிச்சா ஒரே வெடி, அந்தக் கணக்கு அவங்களுக்கு நல்லாத் தெரியும். சட்டம் வந்து தொழில் போனதுக்கப்புறம் அந்த அறிவை யாரும் எழுதி வச்சதா எனக்குத் தெரியலேங்கறது இன்னைக்கும் வருத்தம்.

என் பையன் ஸ்கோப்பு வச்சுச் சுடறதுல எனக்கு எந்த மனக்குறையும் இல்ல. புதுசா கத்துக்கறவங்களுக்கு ஸ்கோப்பு வச்ச துப்பாக்கிதான் நல்லது, குண்டு சரியான எடத்துல படணும், மத்ததெல்லாம் அப்புறம். பழசுக்கு வர்றதுக்கு மொதல்ல மானோட உடம்பு, நடை, எப்ப சுடக்கூடாதுங்கறது எல்லாம் மனசுல ஏறியிருக்கணும், அதுக்கு வருஷங்கள் ஆகும்.

யாராச்சும் 94 தேடறீங்கன்னா சிலது கவனிங்க. 1964-க்கு முன்னாடி செஞ்சதுக்கு விலை ஜாஸ்தி, காரணம் இருக்கு, அந்த வருஷம் செலவைக் குறைக்க உள்பாகங்களை மாத்துனாங்க, தோட்டாவைத் தூக்கற பாகத்தைக்கூட தகட்டுல அடிச்சுப் போட்டாங்க, உடம்பு இரும்பும் மாறுச்சு, அதுல மறுபடி துரு தடுக்கற நீலப்பூச்சு சரியா பிடிக்காது. அப்படி மாத்தினதும் நல்லாத்தான் சுடும், வேட்டைக்கு மட்டும்னா அதையே வாங்குங்க, பணம் மிச்சம். கடைல துப்பாக்கிக்குள்ள தோட்டா இல்லைன்னு உறுதி பண்ணிட்டு லீவரை முழுசா எறக்கி வெளிச்சத்துல குழலுக்குள்ள பாருங்க, உள்ள சுருளா ஓடற வரிக்கோடு கூர்மையா தெரியணும், குழி விழுந்திருக்கக் கூடாது. முன்னாடி வச்சிருந்தவங்க மேல ஸ்க்ரூ துளை போட்டிருந்தா விலை பேசலாம், பீப் சைட் மாட்ட அந்தத் துளையே சிலசமயம் உதவும். பாதிக்குதிரைல நிறுத்திட்டு விசையை லேசா அழுத்திப் பாருங்க, குதிரை எறங்குச்சுன்னா அந்தத் துப்பாக்கியைக் கீழ வச்சுட்டு வந்துருங்க, எவ்ளோ சல்லிசா குடுத்தாலும் வேண்டாம்.