கிப்ஸ்லாந்தில் ஒரு பழைய குவாட் பைக் வாங்கிய அனுபவம்

விக்டோரியா மாநிலத்தின் தெற்குக் கிப்ஸ்லாந்தில் நாங்கள் வாங்கிய சிறிய நிலம் முழுவதும் மேடும் சரிவும்தான். வேலிக் கம்பங்களையும் தீவன மூட்டைகளையும் மேட்டுக்கு ஏற்ற, குவாட் பைக் எனப்படும் சிறிய நான்கு சக்கரப் பண்ணை வண்டி ஒன்று இல்லாமல் முடியாது என்பது முதல் குளிர்காலத்திலேயே தெரிந்துவிட்டது. புதியதா பழையதா என்ற கேள்விக்கு ஆஸ்திரேலியச் சந்தையே பாதி பதிலைச் சொல்லிவிட்டது. 2019இல் கொண்டுவரப்பட்ட பாதுகாப்புத் தரநிலையின்படி, 2021 அக்டோபர் 11 முதல் விற்கப்படும் பொதுப் பயன்பாட்டுக் குவாட்களில், வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவர் அடியில் நசுங்காமல் காக்கும் அமைப்பு இருந்தாக வேண்டும். அதையொட்டி ஹோண்டாவும் யமஹாவும் விவசாயக் குவாட்களை இங்கே விற்பதை நிறுத்திக்கொண்டன. ஆகவே ஹோண்டா வேண்டும் என்பவருக்குப் பழைய வண்டியே வழி. விலையும் அதற்கேற்ப இறங்காமல் நிற்கிறது.

எனக்கு ஹோண்டாவின் 420 சிசி வண்டிதான் வேண்டியிருந்தது. காலால் மாற்றும் கியர், சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் ஷாஃப்ட் என்று எல்லாம் எளிமையானவை. தேய்ந்து அறுந்துபோகும் பெல்ட் இல்லை. ஆனால் எந்த நிறுவனத்தின் வண்டி என்பதைவிட, அது இதுவரை என்ன வேலை செய்தது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் முக்கியம் என்று, வாகனப் பணிமனையில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் சொல்லியிருந்தார். வண்டி பார்க்கப் போன இடங்களுக்கெல்லாம் அவரும் வந்தார். மீட்டரில் மணிநேரக் கணக்கும் இருந்தால் கிலோமீட்டரை அதனால் வகுத்துப் பார்க்கச் சொன்னார். மணிக்குப் பத்துக்குள் வந்தால், அந்த வண்டி மாடுகளுக்குப் பின்னால் ஊர்ந்தே வாழ்ந்திருக்கிறது என்று பொருள். கிலோமீட்டர் குறைவாகத் தெரிந்தாலும் என்ஜின் உழைத்த நேரம் அதிகம்.

கிப்ஸ்லாந்து பால் பண்ணைகளின் நாடு என்பதால், இங்கே மலிவாக வரும் வண்டிகளில் பல பால் பண்ணையிலிருந்து வருபவை. நாங்கள் பார்த்த அப்படிப்பட்ட வண்டி ஒன்று மேலிருந்து பார்க்க நன்றாகவே இருந்தது. அண்ணன் தரையில் படுத்து, பின் சஸ்பென்ஷன் கை சேஸிஸோடு சேரும் இடத்தில் அப்பியிருந்த காய்ந்த சேற்றை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார். சேற்றோடு பெயின்ட்டும், பெயின்ட்டோடு இரும்பும் செதில் செதிலாக உதிர்ந்தன. சாணமும் மூத்திரமும் அன்றாடம் படிந்து, உயரழுத்தக் குழாயால் கழுவப்பட்டு, ஈரம் காயாமலே நிற்கும் வண்டிக்கு இதுதான் நேரும். என்ஜினைச் செப்பனிடலாம், இற்றுப்போன சேஸிஸைச் செப்பனிட்டு மலைச் சரிவில் ஓட்ட எனக்குத் துணிவில்லை. அடிப்பகுதியைப் பார்க்கவிடாத விற்பனையாளரிடம் பேரம் பேசவே வேண்டியதில்லை என்பது என் கருத்து.

வியாபாரி ஒருவரின் முற்றத்தில் நின்ற மற்றொன்று இதற்கு நேர்மாறு. பிளாஸ்டிக் பாகங்கள் பளபளத்தன, கழுவி மெழுகியிருந்தார்கள். ஆனால் ஹேண்டில்பாரின் ஒரு முனை உரசித் தேய்ந்திருந்தது, அதே பக்கத்து முன்ரேக்கின் மூலை உள்ளே மடங்கியிருந்தது. பத்தடி பின்னால் போய் நின்று பார்த்தால் வண்டி ஒருபுறம் லேசாகச் சாய்ந்து நிற்பதும் தெரிந்தது. கவிழ்ந்த வண்டிக்கு இந்த மூன்றும் சேர்ந்தே இருக்கும். டிரெய்லரில் ஏற்றும்போது இடித்தது என்றார்கள். இருக்கலாம், நாங்கள் திரும்பிவிட்டோம்.

கடைசியில் வாங்கியது, ஆடு வளர்ப்பதை விட்டுவிட்டு நகரத்துக்குக் குடிபெயரவிருந்த ஒரு முதியவரிடம். நாங்கள் வரும்வரை என்ஜினை இயக்க வேண்டாம் என்று தொலைபேசியிலேயே கேட்டுக்கொண்டோம். போனதும் என்ஜின் மீது கைவைத்து, அது குளிர்ந்திருப்பதை உறுதிசெய்த பிறகே சாவியைத் திருப்பினோம். சூடான என்ஜின் பல குறைகளை மறைத்துவிடும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. விடாமல் வெண்புகை வந்தால் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிவதாகச் சந்தேகிக்க வேண்டும். இரண்டும் இல்லை. பிறகு இருக்கையைத் தூக்கி, காற்று வடிகட்டியைக் கழற்றி, அதற்கு அப்பால் என்ஜினுக்குப் போகும் குழாயின் உட்புறத்தை அண்ணன் விரலால் தடவிப் பார்த்தார். அந்த இடத்தில் விரலில் புழுதி ஒட்டினால் என்ஜின் புழுதியைச் சுவாசித்திருக்கிறது, பிஸ்டன் தேய்ந்திருக்கும். விரல் சுத்தமாகவே வந்தது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியிலும், நீர் கலந்ததைக் காட்டும் பால் கலந்தாற்போன்ற நிறம் இல்லை. ரேடியேட்டரில் மட்டும் புல்விதைகள் அடைத்திருந்தன.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டியபோது இடப்பக்கப் பால் ஜாயின்ட்டில் (சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் குண்டு மூட்டு) லூஸ் தெரிந்தது. பின்சக்கரங்களைப் பக்கவாட்டில் ஆட்டியபோது அசைவில்லை. ஆக்சில் முனைகளிலுள்ள மடிப்பு ரப்பர் உறைகள் கிழியாமல் இருந்தன. அவை கிழிந்தால் சேறு புகுந்து ஜாயின்ட் போய்விடும். நான்கு சக்கர இயக்கத்தைப் புல்வெளியில் போட்டுத் திருப்பிப் பார்த்தோம். ஸ்டீயரிங் கனத்ததால் முன்சக்கரங்களும் இழுக்கின்றன என்று தெரிந்தது. சரிவில் நிறுத்தி பார்க்கிங் பிரேக்கைச் சோதித்தோம். பின்பக்க டிரம் பிரேக் சேற்றில் விரைவாகத் தேயும் பாகம் என்பதால் அதை இரண்டு முறை பார்த்தோம். டயர்களின் பக்கவாட்டில் உற்பத்தி வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும் நான்கு இலக்கங்கள் இருக்கும். தடம் தேயாவிட்டாலும் ரப்பர் வெடித்துக் கிடந்ததால், டயர்களையும் பால் ஜாயின்ட்டையும் சுட்டிக்காட்டி விலையைக் குறைக்கச் சொன்னோம். அவர் அதிகம் வாதாடவில்லை.

சொந்த நிலத்துக்குள் மட்டும் ஓடிய இந்த வண்டி பதிவு செய்யப்பட்டிருக்கவில்லை. பெயர் மாற்றும் ஆவணம் என்று ஒன்றும் கிடையாது. அதனால் பிபிஎஸ்ஆர் எனப்படும் அரசுப் பதிவேட்டில் தேடுவது மேலும் அவசியமாகிறது. 2 டாலர் கட்டி, வண்டியின் அடையாள எண்ணைக் கொடுத்தால், அதன் மேல் கடன் பாக்கி பதிவாகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். பாக்கி இருந்தால் கடன் கொடுத்தவர் வண்டியை நம்மிடமிருந்தே எடுத்துக்கொள்ள முடியும். பணம் கொடுக்கும் அன்றோ அதற்கு முந்தைய நாளோ தேடி, சான்றிதழைப் பத்திரப்படுத்த வேண்டும். எண்ணை விளம்பரத்திலிருந்து எடுக்காமல், சேஸிஸில் பொறித்திருப்பதை நானே துடைத்துப் படித்தேன். ரசீதில் அந்த எண், என்ஜின் எண், இருவர் பெயர், முகவரி, தொகை எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் என்ஜின் ஆயிலையும், முன்னும் பின்னுமுள்ள அச்சு கியர் பெட்டிகளின் ஆயிலையும் மாற்றினோம். உள்நாட்டில் கைமாறும் பழைய வண்டிக்கு முதலில் சொன்ன பாதுகாப்புத் தரநிலை பொருந்தாது, ஆனால் 250 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒன்று சரிவில் நம்மீது புரண்டால் சட்டம் எதைச் சொன்னால் என்ன? பின்னால் பொருத்தும் பாதுகாப்பு வளைவை ஓட்டத் தொடங்குமுன்பே வாங்கிப் போட்டேன். இந்தச் செலவை வண்டியின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். குறைந்த அழுத்தத்தை அளக்கும் தனி அளவுமானி ஒன்றும் வாங்கினேன். இந்த டயர்களுக்கு நான்கு பிஎஸ்ஐ அளவில்தான் காற்று அடைக்க வேண்டும், கார் டயருக்கான அளவுமானி அதைச் சரியாகக் காட்டாது.