ஃபர்னஸ் சிலநேரம் பற்றும், சிலநேரம் பற்றாது

கனடாக் குளிரில் வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ் பற்றவில்லை என்றதும் பலரும் செய்வது, சுவிட்சை அணைத்துவிட்டுத் திரும்பப் போடுவது. அதுவும் ஓடிவிடும். வில்லங்கமே அங்கேதான். பல முயற்சிக்குப் பிறகும் நெருப்பு பற்றி நிலைக்காவிட்டால் ஃபர்னஸை இயக்கும் கன்ட்ரோல் போர்டு தன்னைப் பூட்டிக்கொள்ளும். பல மாடல்களில் ஒரு மணி நேரம் கழித்துத் தானாக மறுபடி முயலும். கரண்டை வெட்டினால் பூட்டு கழன்றுவிடும், சில போர்டுகளில் பிழைக் குறியீடும் சேர்ந்து அழிந்துவிடும். ஆகவே சுவிட்சில் கைவைக்குமுன், ஃபர்னஸ் கதவிலுள்ள சின்னக் கண்ணாடி வழியே போர்டின் விளக்கு எத்தனை தடவை சிமிட்டுகிறது என்று எண்ணுங்கள்; அதுதான் பிழைக் குறியீடு. விளக்கம் பெரும்பாலும் கதவின் உட்புற ஸ்டிக்கரில் இருக்கும்.

அடுத்து, ஒரு தொடக்கத்தை முழுதாகக் கவனியுங்கள். முதலில் புகையை வெளியே இழுக்கும் இன்டியூசர் விசிறி, பிறகு அந்த இழுப்பு இருக்கிறதா என்று பார்க்கும் பிரஷர் சுவிட்ச், சிவக்கக் காய்ந்து கேஸைப் பற்றவைக்கும் இக்னைட்டர், கேஸ், கடைசியாக நெருப்பை உணரும் ஃப்ளேம் சென்சர். எந்தப் படியில் நிற்கிறதோ அங்கேதான் பழுது.

பர்னர் பற்றிச் சில நொடியில் அணைந்தால் முதல் சந்தேகம் ஃப்ளேம் சென்சர்மேல். நெருப்பினூடாக அது கடத்தும் மின்சாரம் வழக்கமாக 1 முதல் 5 மைக்ரோ ஆம்பியர்தான். கம்பியில் மெல்லிய படிவு ஏறினால் அது குறையும். போர்டு ஏற்கும் எல்லையை ஒட்டி நிற்கும்போது ஒருநாள் ஓடும், மறுநாள் ஓடாது. கரண்டையும் கேஸையும் மூடிவிட்டு, கால் அங்குல ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றினால் பெரும்பாலான சென்சர்கள் கையோடு வரும். மெல்லிய ஸ்டீல் வூலால் தேய்த்து, உலர்ந்த தாளால் துடையுங்கள். மணல்தாள் வேண்டாம், கீறலில் படிவு இன்னும் சீக்கிரம் பிடிக்கும். சென்சரின் பீங்கான் வெடித்திருந்தால் புதிதே போடவேண்டும். சுத்தம் செய்தும் சில வாரத்தில் திரும்பினால் கிரவுண்ட் வயரைப் பாருங்கள்: பர்னரோ சட்டமோ துருப்பிடித்து எர்த் தளர்ந்தாலும் இதே கோளாறுதான்.

விசிறி சுற்றியும் இக்னைட்டர் சிவக்கவில்லையா? பெரும்பாலும் பிரஷர் சுவிட்ச் மூடவில்லை. பனி கொட்டிய இரவில் மட்டும் வந்தால் வெளியே போய், காற்றும் புகையும் போய்வரும் பிவிசி குழாய்களின் வாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மற்ற நாட்களிலும் வந்தால் புகையிலிருந்து ஊறும் தண்ணீர் வடியும் டிராப் அடைத்திருக்கலாம், பிரஷர் சுவிட்சுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கலாம், அல்லது புகைக்குழாய் நடுவில் தொய்ந்து தண்ணீர் தேங்கியிருக்கலாம். குழாய் ஃபர்னஸை நோக்கி அடிக்குக் கால் அங்குலம் சரிய வேண்டும். பிரஷர் சுவிட்சை வயரால் குறுக்கி ஓடவிடும் ‘தற்காலிக’ வேலையைச் செய்யவே கூடாது. கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வீட்டுக்குள் வரலாம்.

பிரஷர் சுவிட்ச் மூடியும் சிவக்காவிட்டால் இக்னைட்டரில் மயிரிழை வெடிப்பு இருக்கலாம். அதை விரலால் தொடாதீர்கள்.

கேஸ் வால்வு, அழுத்தம், குழாய் இணைப்பு எதுவானாலும் ஒன்டாரியோவில் உரிமம் பெற்ற டெக்னீஷியன்தான் தொடலாம். அவரிடம் சிமிட்டல் எண்ணிக்கையையும் எந்தப் படியில் நின்றது என்பதையும் சொன்னால், தேவையில்லாத பாகத்துக்கு நீங்கள் காசு கொடுக்கும் வாய்ப்பு குறையும்.